மண்டியிட யாரும் வராத சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் புதுதில்லி நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர். பனிமூட்டத்தால் நான்கு மணி நேரத் தாமதம். ஒரு கவிதை நூலின் வெளியீட்டு விழாவில் பேச அழைக்கப்பட்டிருந்தேன். கவிஞர், கத்தோலிக்கக் குருவான அருட்தந்தை லூர்து ராயன், மணப்பாட்டுக்காரர், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தில்லித் தமிழர்களுக்குப் பூசை வைப்பவர். நான் பாளையங்கோட்டைக்காரன். கல்லூரிப் பட்டிமன்றங்களில் என் அணி தோற்றதில்லை என்பதை இன்றும் பெருமையோடு சொல்வேன்.

லோதி ரோட்டுக்கு ஆட்டோ ஓட்டுநர் இருநூற்றைம்பது கேட்டார். தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, நூற்றைம்பதே நியாயம் என்று வாதாடினேன். "பையா, நேதா ஹோ க்யா?" என்று சிரித்தார். அரசியல் தலைவரா என்று கேட்கிறாராம். இருநூறுக்கு முடிந்தது.

கோயிலின் பின்கட்டில் தந்தையின் அறை. "வாங்க தம்பி, குளிரு கொன்னுருக்குமே! மொதல்ல டீயக் குடிங்க." மேசையில் பழைய கோயில் அறிவிப்புத் தாள்கள், அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் கவிதைகள். பனியில் எண் தெரியாமல் எல்லாப் பேருந்துக்கும் கைகாட்டும் ஒரு முதியவர். அட்டைப்பெட்டியை எரித்துக் குளிர்காயும் ஒரு காவலாளி. விழாவோடு ஊரையும் பார்க்கலாம் என்று வந்த நான், அந்த மேசையிலேயே தில்லியைப் பார்த்தேன்.

"இன்றைக்கு எழுதவில்லையா சாமி?"

"சனிக்கிழம பென்சிலத் தொடமாட்டேன் தம்பி. சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் கேக்கணும். கேட்டது கையில ஒட்டிக்கிடக் கூடாது பாருங்க."

தலையசைத்தேன். விளங்கவில்லை.

மாலை ஐந்து மணி. மரக்கூண்டு ஒன்றில் தந்தை போய் அமர்ந்தார். கத்தோலிக்கர்கள் தம் குற்றங்களை அங்கே மண்டியிட்டுச் சொல்வார்கள்; அதுதான் பாவசங்கீர்த்தனம். கேட்டதைக் குரு தம் சாவு வரைக்கும் வெளியே விடலாகாது. அன்று யாருமே வரவில்லை.

பாடற்குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்கா, நாகர்கோவிலிலிருந்து வந்த செவிலியர், என்னருகே வந்தார். "எப்பவும் வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். இன்னைக்கு ஒரு குஞ்சு குருமானக் காணோம்."

"குளிர் காரணமாக இருக்குமோ?"

அவர் கைபேசியை நீட்டினார். விழா அழைப்பிதழ். நான் ஊரிலிருந்து அனுப்பிய வரி, என் பெயரோடு: 'பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட கண்ணீரையெல்லாம் கவிதையாக வார்த்தவர்!'

"இது நீங்க எழுதுனதா?"

"ஆமாம். நன்றாக இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. கவிதையெல்லாம் ஏற்கெனவே எங்க குரூப்ல வந்தது. இப்ப அவனவன் தன் கதைய அதுல தேடிக்கிட்டு இருக்கான்."

கூண்டினுள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவர் காத்த நம்பிக்கையை ஒரே வரியில் உடைத்திருந்தேன்.

ஆறு மணிக்குத் தந்தை எழுந்து வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "வெளங்காமச் செஞ்சதுதானே தம்பி. ஆனா நான் மறுத்தா, மறைக்கேன்னுல்லா நெனைப்பாவ?" என்று மட்டும் சொன்னார்.

"அப்போ நாளைக்கு மைக்குல தம்பியே சொல்லட்டும்" என்றார் அக்கா.

"விடும்மா, அவரு தூரத்துலருந்து வந்திருக்காரு."

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கோயில் அரங்கில் விழா. பன்னிரண்டு பக்க உரையை மடித்துப் பைக்குள் வைத்தேன். "அழைப்பிதழில் உள்ள வரி பொய். யாரும் எனக்குச் சொன்னதன்று; கைதட்டலுக்காக நானே புனைந்தது. இந்தக் கவிதைகள் தெருவில் பிறந்தவை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாளில் தந்தை பென்சிலையே தொடுவதில்லை. அந்த வரியை இந்த மேடையில் திரும்பப் பெறுகிறேன்" என்றேன்.

கைதட்டல் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அச்சா, அப்போ அந்த பஸ்ஸு கவிதை எங்க மாமா இல்லியா? நேத்துலேருந்து அவரோட சண்டை போட்டுட்டு இருக்கேன்!" அரங்கு சிரித்தது. தந்தையும் சிரித்தார்.

தேநீர் வேளையில், மஃப்ளர் சுற்றிய ஒருவர் தந்தையிடம் வந்து ஏதோ முணுமுணுத்தார். இருவரும் மாடிப்படியின் ஓரத்துக்குப் போனார்கள். தந்தை சட்டைப்பையிலிருந்து ஊதாநிறத் தோள்துகிலை எடுத்து, முத்தமிட்டு அணிந்துகொண்டார். அவர் முன்னே அந்த மனிதர் மண்டியிட்டார். சற்றுத் தள்ளி ஒரு பெண் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மூவர்.

"ஜல்தி நகருங்க தம்பி, காதுல விழுற தூரத்துல நிக்கக் கூடாது" என்றார் ஸ்டெல்லா அக்கா.

தெருவுக்கு வந்து, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எங்கள் ஊரில் என் சொல்லைக் கேட்கக் கூட்டம் நெருங்கி வரும். அதற்கு நன்றி உண்டு. அதனினும் பெரிய நன்றி, எட்டிப்போய் நிற்க எனக்கு இடம் கொடுத்த அந்தத் தில்லித் தெருவுக்கு. உள்ளே வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.