விற்காத காயினுக்கு ஒரு சாட்சி

சபையில் மைக்கைப் பிடித்துச் சொன்ன ஒரு சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வழி இருக்கிறதா? இதை யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கலாம். கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று ஒருவர் சொல்லி, கேட்டவர்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்ன பிறகு, அது நடக்கவே இல்லை என்றால் என்ன செய்வது?

சாட்சி சொன்னவர் என் கணவர். அவர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிட்காயினைப் பற்றிப் பேசுவார். நான் கணிதம் படித்தவள், பிரசவ விடுப்பு எடுக்கும்வரை பள்ளியில் பாடம் நடத்தியவள், அதனால் எனக்குப் புரியும் என்று நம்பி விளக்குவார்.

“இதுக்கு ஒரு பேங்கு இல்ல, ஒரு மொதலாளி இல்ல. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் சேந்து கணக்கை வெச்சுக்குது. ஒருக்கா பதிஞ்சா பதிஞ்சதுதான், யாரும் அழிக்க முடியாது. இதுல பொய்யே சொல்ல முடியாது அம்மணி.”

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன். பொய் சொல்ல முடியாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம், பணத்தின் மேல் இருந்த ஆசையைவிடப் பெரியது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மனைவி அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பிறகு விசுவாசிகளுக்கென்று ஓர் அலைபேசிக் குழுவில் யாரோ அவரைச் சேர்த்துவிட்டார்கள். அதை நடத்தியவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. தினமும் காலையில் ஒரு ஜெபம் குரல்பதிவாக வரும். அடுத்து அன்றைக்கான தியானம். அதற்கடுத்து விலை நிலவரம். அந்தக் குழுவே ஒரு புதுக் காயினை வெளியிட்டிருந்தது. அதில் வரும் லாபத்தில் ஒரு பங்கு மலைக்கிராம ஊழியங்களுக்குப் போகும் என்றார்கள். காலை காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது அந்தக் குரலைக் கேட்பேன். எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் ஜெபத்தோடு தொடங்கும் ஒன்றைச் சந்தேகப்படுவது என்னுடைய அவிசுவாசமாக இருக்குமோ என்று அந்த உறுத்தலைத்தான் சந்தேகப்பட்டேன்.

அவரும் அந்தக் காயினை வாங்கினார். விலை ஏறியது. திரையில் இருந்த தொகை பல மடங்கானது. அவர் விற்கவில்லை, வங்கிக்கு எதுவும் வரவில்லை. ஆனால் எங்கள் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டதாக நம்பி நன்றி சொல்லிவிடுவோம். வேலைக்கான உத்தரவு வருவதற்குமுன் வேலைக்காக நன்றி, குழந்தை தங்குவதற்குமுன் குழந்தைக்காக நன்றி. அதுதான் விசுவாசம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அப்படித்தான் என் கணவர் திரையில் இருந்த லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கணக்குப் போட்டு, அதைத் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து எடுத்து, ஸ்தோத்திர காணிக்கை உறையில் வைத்தார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம் உண்டு. அன்று அவர் வெள்ளைச் சட்டையில் முன்னால் போய் நின்றார். நான் பெண்கள் பக்கம், வயிற்றின் மேல் கையை வைத்தபடி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் என் பிள்ளை பிறக்குமுன்னே அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டார் என்றார். எந்த வழியாகக் கொடுத்தார் என்பதையும் சொன்னார். கொடுத்துவிட்டார் என்றுதான் சொன்னார். கொடுப்பார் என்று சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் பட்டறை அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டார். கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப் செட்டுக்கு வேண்டிய பாகங்கள் கடைந்து கொடுப்பார். அவரும் அவர் மனைவியும் கோயம்புத்தூரில் எங்களுக்குச் சொந்தம் மாதிரி. நான் அவரை அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

“ஏனுங் தம்பி, இந்தக் காயினைக் கையில எடுத்துப் பாக்க முடியுமுங்களா?”

“முடியாதுங்கண்ணா. போன்ல மட்டும்தான் தெரியும்.”

“அட, நானு இத்தன வருசமா இரும்பைக் கடையறனுங்க. கைல தட்டுப்படாத சாமானை வாங்குனதே இல்லீங்.”

அக்கா விடவில்லை. “ஆமா, பரலோகத்தைத் தட்டிப் பாத்துப்போட்டுத்தான் நீங்க நம்புனீங்களாக்கும்!”

எல்லாரும் சிரித்தோம். பக்கத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அண்ணன் என் கணவரின் தோளைத் தட்டி, “நீங்க மைக்கப் புடிச்சுப் பொய் சொல்ற ஆளில்லீங்க. கர்த்தர் குடுத்தாருன்னீங்கல்ல, அது போதுமுங்க” என்றார். பட்டறைக்குப் புது மெஷின் எடுப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அந்த வாரமே காயினில் போட்டுவிட்டார். அக்காவிடம் கேட்டுத்தான் போட்டார்.

பிரசவத்துக்கு நான் சத்தியமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை. விலை இறங்க ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். ஒரு சனிக்கிழமை மதியம் என் கணவர் வந்திருந்தார். குழந்தையை மடியில் கிடத்தியிருந்ததால் அலைபேசியைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். பட்டறை அண்ணன்தான்.

“தம்பி, பாப்பா நல்லா இருக்குதுங்களா? ஒண்ணுமில்லீங், அந்தக் காயினு எறங்கிட்டே இருக்குதுங்களே. பாதியவாச்சும் எடுத்துப்போடலாமுங்களா?”

என் கணவர் குழந்தையின் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாதீங்கண்ணா. இது ஒரு சோதனை. விசுவாசமா இருங்க.”

“செரிங் தம்பி. நீங்க சொன்னாச் செரிங்.”

அன்று காலை அந்தக் குழுவில் வந்த குரலும் இதையேதான் சொல்லியிருந்தது. விற்பவன் விசுவாசமில்லாதவன், பொறுத்திருப்பவன் பெற்றுக்கொள்வான் என்று. ஜெபத்தில் நாங்கள் பேசுகிற பாஷையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அல்லது நாங்கள்தான் எடுத்துக் கொடுத்துவிட்டோமோ, தெரியவில்லை. என் கணவர் அண்ணனை ஏமாற்றவில்லை. அவரும் விற்கவில்லை. ஏன் என்று பிறகொரு நாள் கேட்டேன். “வித்துட்டா நான் சொன்ன சாட்சி பொய்யாயிருமே” என்றார். நம்பிக்கையால் காத்திருக்கவில்லை. சொன்ன வார்த்தைக்குப் பயந்து காத்திருந்தார்.

அப்புறம் ஒரு நாள் அந்தக் குழு காணாமல் போனது. காயின் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாங்கத்தான் ஒருவரும் இல்லை. யாரும் அழிக்க முடியாது என்று அவர் சொன்னது உண்மைதான். அவர் வாங்கியது, அண்ணன் வாங்கியது எல்லாம் எங்கோ அப்படியே பதிந்திருக்கிறது. எங்கள் தேவன் பாவத்தை அழித்துவிடுகிறவர் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். எதையும் அழிக்காத ஒன்றின்மேல் இவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோமே என்று பாத்திரம் கழுவும்போது யோசிப்பேன். ஆனால் காயினைக் குறை சொல்லி என்ன? சாட்சியும் அழியவில்லை. சபையின் நேரலைப் பதிவிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, அடியில் காயினின் படத்தைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பவானியில் இருக்கும் என் சித்திக்கே அது வந்தது. “நம்ம மாப்பிள்ளைதானே கண்ணு? என்ன அழகா சாட்சி சொல்றாரு!” என்று எனக்கே அனுப்பினார். சபையின் இணையப் பக்கத்திலிருந்து நீக்கச் சொல்லி நீக்கினார்கள். மற்றவர்களின் அலைபேசியிலிருந்து எப்படி நீக்குவது?

குழந்தையின் ஞானஸ்நானம் வரும் மாதம் வைத்திருக்கிறது. பிள்ளைக்காக ஆயரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயுமாகப் பட்டறை அண்ணனும் அக்காவும் நிற்பது என்று குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பேசியது. என்ன முகத்தோடு போய்க் கூப்பிடுவது என்று நாட்களைத் தள்ளினேன். கூப்பிடாமல் விட்டால் அது இன்னும் பெரிய அவமரியாதை. என் கணவர் வர மறுத்துவிட்டார். போன வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன்.

பட்டறையில் பழைய லேத் ஓடிக்கொண்டிருந்தது. புது மெஷினுக்காகக் கட்டிய சிமெண்ட் மேடையில் காலி எண்ணெய் டின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வாங்க அம்மணி. யாரு வந்திருக்கறது பாரு! சின்ன அம்மணியா? கையெல்லாம் எண்ணெயா இருக்குது, தூக்க முடியாது போ.”

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். “அண்ணா, எங்களால உங்களுக்கு...”

“அதெல்லாம் பேசாதீங். தம்பி என்ன, என்னைக் கயித்தைக் கட்டியா இழுத்துட்டுப் போனாரு? நாந்தானுங்க போனேன்.”

வீடு பட்டறைக்குப் பின்னால்தான். அக்கா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். முகத்தோடு முகம் வைத்தார். முகூர்த்தத்துக்கு அழைப்பதுபோல் தட்டில் பழம் வைத்து நீட்டினேன். அவர் தட்டை வாங்கவில்லை.

“இவரு நிப்பாருங்க கண்ணு. நான் வந்து ஒக்காந்துக்கறேன். என்னைய நிக்கச் சொல்லாத.”

“ஏனுங்க்கா?”

“ஆயரு கேப்பாருல்ல, விசுவாசிக்கிறீங்களான்னு. தம்பி எனக்குப் பக்கத்துல நின்னு விசுவாசிக்கிறேன்னு சொல்லுவாரு. எனக்கு அன்னிக்குப் போன்ல ‘விசுவாசமா இருங்க’ன்னு சொன்னதுதான் காதுல கேக்கும். பொய் சொல்ற மாதிரி இருக்குமே, நான் எப்பிடிங் கண்ணு பதில் சொல்றது?” அவர் அழவில்லை. குழந்தையின் சாக்ஸ் நழுவியிருந்ததை இழுத்துவிட்டார். “மெஷினு போனாப் போகுது. ஜெபம் பண்ண ஒக்காந்தா வாயே வரமாட்டேங்குது. அதான் எனக்கு.”

மதுக்கரையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் மறுநாள் ஆயரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அடுத்த சாட்சி நேரத்தில் தனக்கு மைக் வேண்டும், அன்று சொன்னது உண்மையல்ல என்று சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் ஆயர் நல்லவர். இருவரையும் உட்காரவைத்து டீ வரவழைத்தார். “தம்பி, சாட்சி நேரம் சபையோட பக்திவிருத்திக்கு. நட்டத்தைப் போய்ச் சொன்னா பலவீனமானவங்க இடறிப் போவாங்க. ஜெபக்குறிப்பா குடுங்க, நான் பேர் சொல்லாம ஜெபிக்கறேன்” என்றார்.

“ஏற்கெனவே இடறிட்டாங்கய்யா. அதனாலதான் கேக்கறேன்.”

ஆயர் தம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். “ஜெபிக்கலாம் தம்பி” என்றார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வண்டியில் வரும்போது என் கணவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார். “லாபத்துக்கு மட்டும்தான் மைக்கா?” வீட்டுக்கு வந்ததும், ஞானஸ்நானத்துக்கு நீயும் குழந்தையும் போங்கள், நான் முன்னால் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை அந்த இடத்தில் நின்று பேசியது போதும் என்கிறார். இப்போதெல்லாம் குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். முடிவில் ஆமென் நான் மட்டும் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்க வந்தது இதுதான். எங்கள் சபையில் ஞானஸ்நானத்தின்போது ஆயர் குழந்தையின் பெயரைக் கேட்பார். அப்போது பெற்றோர் கைக்கு மைக் வரும். அதை யாரும் மறுக்க முடியாது. பெயரைச் சொல்லிவிட்டு, அவர் சொல்ல நினைத்ததையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வராவிட்டால் நானே சொல்லலாம். ஆனால் அது என் மகளின் நாள். அதோடு, அண்ணன் வீட்டு இழப்பு சபைக்கெல்லாம் தெரிந்துவிடும், அதை அக்கா விரும்புவாரா என்று தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்றால், எதுவரைக்கும் தள்ளிவைப்பது? அக்காவுக்கு மறுபடி ஜெபம் வரும்வரைக்குமா?

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இப்படி ஒன்றை உங்கள் சபையில் யாராவது எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்களா, சொன்னபின் கேட்டவர்கள் முகம் எப்படி இருந்தது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அழைப்பிதழ் அடிக்க இன்னும் கொடுக்கவில்லை.