அப்பா பெயர் இருந்த புத்தகம்

லாஹ்தி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்தாள் சைமி ஹர்யூலா. நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. அவளிடம் இரண்டு வருடங்களாகப் பழகிவந்த வெய்க்கோ, லிஃப்ட் பழுது பார்ப்பவன், மனைவியை இழந்தவன். கல்யாணப் பேச்சை மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவையும் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபியை ஊற்றினாள் சைமி.

அவளுக்கு அவனைப் பிடிக்காமல் இல்லை. கல்யாணம் என்றால் சர்ச் அலுவலகத்திலிருந்து பிறப்பு விவரச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் என்ன இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நாலு வயதில் தாய் இறந்துபோக, ஊர் நிர்வாகம் அவளை உள்நாட்டுப் பண்ணை வீடு ஒன்றில் வளர்க்கக் கொடுத்திருந்தது. பதினைந்து வயதில், சர்ச்சில் முழு உறுப்பினராகச் சேர்வதற்கான திடப்படுத்தல் வகுப்பில், பாதிரியார் சர்ச் பேரேட்டைப் பார்த்து ஒவ்வொருவர் பெற்றோர் பெயரையும் வாசித்தார். சைமியின் முறை வந்தபோது, "தகப்பன் பெயர் இதில் இல்லை" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அன்று முதல் பையன்களுக்கு அவள் 'காலிக்கட்டம்'. சரியாகப் பதினெட்டு வயதில் அந்த ஊரை விட்டு வந்தவள், அதற்கப்புறம் எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சான்றிதழைக் கேட்டதில்லை. வெய்க்கோவின் அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் கையில் அந்தத் தாள் போய்விடும் என்றுதான் சைமி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

1974 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் மூடிய முதல் வாரத்தில், அவளே துணிந்து சர்ச் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தராக இருந்த அம்மாள் அவளுடைய அட்டையை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"நீங்க பொறந்தப்ப சர்ச் சபையிலேயே இல்லையேம்மா. நாலு வயசுலதான் ஞானஸ்நானம். அதுக்கு முன்னாடி குடிமைப் பதிவேட்டுல இருந்திருக்கீங்கன்னு இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு."

சைமிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாள் விளக்கினாள். இருபதுகளில், சர்ச்சை விட்டு விலகலாம் என்று சட்டம் வந்தபின், அப்படி விலகியவர்கள் ஏராளம், அதிலும் துறைமுகத்திலும் மரமில்லிலும் வேலை செய்தவர்கள். அவர்களுடைய பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அரசாங்கத்தின் தனிப் புத்தகத்தில்தான் ஏறும். சர்ச் பேரேட்டில் தேடினால் கிடைக்காது. சைமி பிறந்தது கோட்காவில். அங்கேதான் கேட்க வேண்டும்.

மறுநாளே கோட்காவுக்கு ரயில் ஏறினாள். பதிவு அலுவலகத்தில் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்த அதிகாரி, மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார்.

கார்லோ அஹோவாரா, மரமில் தொழிலாளி, 1923இல் சர்ச்சிலிருந்து விலகியவர். மனைவி ஹில்யா, பிறந்த வீட்டுப் பெயர் ஹர்யூலா. 1926 அக்டோபரில் நகர நீதிபதி முன்னிலையில் திருமணம். மகள் சைமி, பிறப்பு 1928. கார்லோ 1930இல் துறைமுகத்தில் மூழ்கி இறந்தார். இரண்டு வருடம் கழித்து ஹில்யா, காசநோயால்.

"அப்போ இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று கேட்டாள் சைமி.

"நீங்க பொறக்கறதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே. உங்க பேரு அஹோவாரான்னு இருந்திருக்கணும். ஞானஸ்நானம் கொடுத்த ஆளு, கடுதாசி போட்டு விசாரிக்கச் சோம்பல்பட்டு, அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரையே எழுதிட்டாரு போல."

தகப்பன் பெயரைத் தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அதிகாரி புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு நகல்கள் தட்டச்சு செய்யப் போனார்.

திரும்பும்போது ரயிலில் அவளுக்கு அப்படி ஒரு தூக்கம். கண் விழித்தபோது லாஹ்தி போயே போயிருந்தது. வண்டி ரீஹிமாக்கியில் நின்றது. ஸ்டேஷனிலிருந்து வெய்க்கோவுக்குப் போன் செய்தாள். அவன் கம்பெனி வேனில் அறுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி, நகலை நீட்டினாள்.

அவன் அதைப் படித்து, மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"இதுக்காகவா ரெண்டு வருஷம் என்னைக் காய வச்ச? என் மூக்கு பிடிக்கலையோன்னுல்ல நெனச்சேன்."

"உன் அக்கா என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தேன்."

"எங்கப்பன் பேரு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. ஆளுதான் ஒருநாளும் வீட்டுல இருந்ததில்ல. அக்கா அதை வச்சு யாரை என்ன சொல்லப் போறா?"

சைமி சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துடைக்க அவன் கொடுத்த துணியில் கிரீஸ் வாடை.

ஆகஸ்டில் நீதிபதி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. சர்ச்சில் நடக்கவில்லையே என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் ஏலக்காய் ரொட்டி சுட்டுத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் சைமி நிதானமாக, பிறந்த பெயர் அஹோவாரா என்று எழுதினாள்.