கோமதிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை

ஏழாம் நாள் காலையில், குடுவைகளைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் ஷேக்கரை நிறுத்திவிட்டுக் குடுவையைத் தூக்கிப் பார்த்தேன். முந்தின நாள் கஞ்சித்தண்ணி போலக் கலங்கியிருந்தது, இப்போது தெளிந்துபோய் அடியில் மட்டும் நூல் நூலாக ஏதோ கிடந்தது. உள்ளே வளர்ந்த பாக்டீரியா மொத்தமும் செத்துவிட்டது என்று அர்த்தம். இது மூன்றாவது முறை.

சங்கரன்கோவிலில் உயிர் உரம் தயாரிக்கும் சின்ன யூனிட் அது. லேப் என் பொறுப்பு, எல்லோருக்கும் நான் 'லேபம்மா'. உளுந்துச் செடியின் வேர் முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சத்தாக்கித் தருகிற ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்து, கரித்தூளில் கலந்து பாக்கெட் போடுவோம். விவசாயிகள் அதை விதையோடு பிசைந்து விதைப்பார்கள்.

எங்களிடம் இரண்டு ரகம் இருந்தன. ஒன்று, முதலாளி சுப்பையா அண்ணாச்சி ஒரு கரிசல் காட்டில் தாமே பிடுங்கிவந்த செடியிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்குத் தம் மனைவி பெயரை வைத்திருந்தார், கோமதி. பேக்கிங்கைப் பார்த்துக்கொண்டதும் கோமதியக்காதான். எந்த வேலையானாலும் முதலில் கோமதிக் குடுவையைத் தொட வேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம். மற்றது, நான் அடம்பிடித்து வெளியிலிருந்து வரவழைத்த புது ரகம். தொட்டிச் செடிகளில் கோமதியைவிட நிறைய முடிச்சு விட்டது. அதை நம்பி, மழைக்கு முன்னால் புது பாக்கெட் வரும் என்று குருவிகுளம் விவசாயிகளிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி வந்து தெளிந்த குடுவையையும், பக்கத்தில் கொழுகொழுவென்றிருந்த கோமதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம கோமதிக்கு ஒண்ணும் ஆகலயே. நீ கொண்டாந்தது சீக்காளிம்மா."

அடுத்த முறையும் இப்படியானால் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் பேக்கிங்கில் எனக்கென்று ஒரு ஸ்டூல் வந்திருந்தது.

அந்த ஸ்டூலைப் பார்த்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, ஃபேஜ் என்போம். சில வகை ஃபேஜ் நுழைந்த உடனே கொல்லாது. தன் மரபணுவைப் பாக்டீரியாவின் மரபணுவுக்குள் செருகிவிட்டுத் தூங்கும். பாக்டீரியா இரண்டாகும்போது அதுவும் சேர்ந்து பிரதியாகும். அதுவரை வீட்டுக்காரருக்குத் தொல்லையே இல்லை. அதே வகை ஃபேஜ் வெளியிலிருந்து வந்தாலும் உள்ளே தூங்குவது அதைத் தலையெடுக்க விடாது. ஆனால் கோடிக்கணக்கில் எங்கோ ஒன்றிரண்டு விழித்துக்கொண்டு, இருந்த வீட்டை உடைத்து வெளியே வரும். சொந்தக்காரர்களை அது ஒன்றும் செய்யாது. பக்கத்தில் அந்நியர் இருந்தால் தீர்ந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் கோமதியைத் தொட்ட பிறகு, வெளிக்கிருமி படாமல் வேலை செய்கிற அதே கேபினெட்டில்தான் புது ரகத்தைத் தொட்டிருந்தேன்.

கோமதி மேல் சந்தேகம் என்று அண்ணாச்சியிடம் சொன்னால் அன்றே அந்த ஸ்டூலில் உட்கார வேண்டியதுதான். அதனால் ஒரு சின்னக் கள்ளத்தனம் செய்தேன். கோமதிக் குடுவையில் கொஞ்சம் எடுத்து, பாக்டீரியா எதுவும் தாண்ட முடியாத, ஃபேஜ் மட்டும் நழுவிவிடும் ஃபில்டரில் வடிகட்டி, அந்தத் தெளிநீர்ப் பாட்டிலில் 'அ' என்று மட்டும் எழுதினேன். ஒரு தட்டில் கோமதியையும் இன்னொன்றில் புது ரகத்தையும் பரப்பி, அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே இரண்டிலும் சொட்டு வைக்கச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் தட்டைத் திறந்தோம். புது ரகத் தட்டில் சொட்டு விழுந்த இடமெல்லாம் பாக்டீரியா செத்து வட்ட வட்டமாக ஓட்டை. கோமதித் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணாச்சிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தியாம்மா? எந்த எமன் வந்தாலும் கோமதி அசைய மாட்டா. ஆமா, இந்த எமன எங்கேருந்து புடிச்ச?"

"கோமதிகிட்ட இருந்துதான் அண்ணாச்சி."

அந்த நேரம் பார்த்துக் காலி கவர்க் கட்டோடு வாசலில் வந்து நின்றார் கோமதியக்கா. தன்னைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார். அண்ணாச்சி தட்டை மூடினார். நான்தான் முழுவதையும் விளக்கினேன். அக்கா நிதானமாகக் கேட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"அப்ப, கூட இருக்கவங்களக் கொன்னுட்டு நான் மட்டும் தேறி நிக்கேன்னு சொல்லுதீகளா?"

"ஒன்னைய இல்லட்டி, பாக்டீரியாவ."

"பேரு யாரு பேரு?"

தீர்ப்பையும் அக்காவே சொன்னார். கோமதி பின்னறைக்குப் போகட்டும், அதற்குத் தனிக் குடுவை, சொட்டு எடுக்கத் தனிப் பிப்பெட். இந்த அறையில் இனிமேல் புதுசு மட்டும். அண்ணாச்சி தலையாட்டினார். கேபினெட்டை நானே இரண்டு நாள் துடைத்தேன்.

நான்காவது முறை ஏழாம் நாளும் குடுவை கலங்கியே இருந்தது. மழைக்கு நான்கு நாள் முன்னால் குருவிகுளத்துக்குப் பாக்கெட் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி என்னிடம் வருத்தமெல்லாம் தெரிவிக்கவில்லை. ஆனால் பின்னறைக் குடுவைகளின் லேபிளில் கோமதியை அடித்துவிட்டு 'சுப்பையா' என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. யார் சொல்லி எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு குடுவை கெட்டால், கெட்டதை மட்டும் ஆராயாதீர்கள், பக்கத்தில் ஜம்மென்று இருப்பதையும் வடிகட்டிப் பாருங்கள். மூன்று முறை கோட்டைவிட்டுத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். புது ரகத்தையும் போன வருடம் அப்படி வடிகட்டி, கடலைச் செடிக்காகப் புதிதாக வளர்க்கத் தொடங்கிய பாக்டீரியா மேல் ஒரு சொட்டு வைத்தேன். அதிலும் ஓட்டை. நான் அடம்பிடித்து வரவழைத்ததற்குள்ளும் ஒன்று தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.