ஒரு பெயரும் ஆறடி மண்ணும்

கருங்கல் என்ற எங்கள் ஊரில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றின் மாடியில் என் அலுவலகம். படியேறி வருகிறவர்கள் ரப்பர் நாற்றத்தில் முதலில் மூக்கைப் பொத்துவார்கள், அப்புறம்தான் வணக்கம். வளைகுடாவில் பிறருடைய கணினிகளுக்கு உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன், வழக்கப்படி இரண்டு மாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்க வேண்டும். நான் இணைய முகவரிகளுக்கு ஒரு பதிவகம் தொடங்கினேன். முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஒரு வால் இருக்குமல்லவா, அப்படி ஒரு வாலுக்கு நான் பொறுப்பு. அந்த வாலோடு முடிகிற பெயர்களில் எது யாருடையது என்று ஒரு பட்டியல் உண்டு. அதைப் பொய்யில்லாமல் வைத்திருப்பதே தொழில். என் மாமனார் இன்றுவரை கேட்பவர்களிடம் ‘கம்ப்யூட்டர் கடை’ என்றுதான் சொல்லிவருகிறார்.

தொடங்கிய நாளில் இரண்டு சட்டம் எழுதினேன். முதலில் கேட்டவருக்கே பெயர். கொடுத்த பெயரை நீதிமன்றம் சொன்னால் ஒழியப் பிடுங்கக் கூடாது. பட்டியலில் ஏறிவிட்ட பெயரை மாற்ற இரண்டு அட்டைகளைக் கணினியில் செருக வேண்டும். ஒன்று என்னிடம், இன்னொன்று குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் கூட்டாளியிடம். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பொறியாளர். பிடிவாதத்தில் மட்டும் மூத்தவள். என்னை நான் முழுதாக நம்பாததால் செய்த ஏற்பாடு அது.

பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் மிரட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய கடிதத்தைச் சத்தமாகப் படித்துச் சிரித்திருக்கிறோம். நிஜமான மிரட்டல் என் சொந்தச் சபையிலிருந்து வந்தது.

எங்கள் தேவாலயத்துக்கு இணையதளம் வேண்டும் என்று கமிட்டி மூன்று கூட்டம் போட்டது. முதல் கூட்டத்தில் தீர்மானம். இரண்டாவதில் துணைக்குழு. மூன்றாவதில் துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்று கைகலப்பு. இதற்குள் சபைத் தேர்தலில் தோற்ற எதிரணி, பத்தே நிமிடத்தில் சபையின் பெயரை என் பதிவகத்தில் வாங்கிவிட்டது. வாங்கி, கமிட்டியின் தீர்மானங்களை ஒரு பிழைகூடத் திருத்தாமல் அப்படியே ஏற்றியது. அதைவிடப் பெரிய அவமானத்தை எந்த எதிரியாலும் செய்ய முடியாது.

கமிட்டிச் செயலர் படியேறி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

“மக்கா, ஒரு பட்டனைத் தட்டினா தீர்ந்துது. அந்தப் பேரை எடுத்து நமக்குத் தா.”

“கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு வாருங்க சார். அன்னிக்கே மாத்தித் தாறேன்.”

“சபைக் காரியத்துக்குக் கோர்ட்டா? நம்ம பேரு, நீ நம்ம பய. எதுக்குடே கோர்ட்டு?”

“அவியளும் இதே சபையில ஞானஸ்நானம் எடுத்தவியதான சார். மொதல்ல வந்தாவ, குடுத்தேன்.”

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். குரல் மிருதுவானது.

“அம்மைக்கு எண்பத்து மூணு ஆச்சுல்லா? கல்லறைத் தோட்டத்துல இப்ப எட நெருக்கடியாக்கும். கமிட்டிதான் பாத்துச் செய்யணும்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கென்று ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ப் புல் பிடுங்குவாள், குடிபோகவிருக்கும் வீட்டைப் பார்த்துவருகிறவள் மாதிரி. அதை எப்படி நான் பறிகொடுப்பது?

மறுநாள் காலை என் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இந்த இடத்தில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை. கூட்டாளி வந்து பார்த்தாள்.

“அண்ணே, கார்டு எதுக்கு வெளிய இருக்கு?”

“சின்னத் திருத்தம் ஒண்ணு.”

“கோர்ட்டு உத்தரவு வந்தாச்சா?”

“இல்ல.”

“அப்போ எனக்க கார்டு பையிலேயே கெடக்கட்டும்.” பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. “கம்பெனிக்காரன் வக்கீலுக்குச் சிரிச்சியளே. ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேர்க்குதா?”

விஷயத்தைச் சொன்னேன். “இது உங்க அம்மைக்க எடம். அவிய கிட்டக் கேட்டியளா?” என்றாள்.

கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்க குழிய வச்சா ஒன்ன மெரட்டினான்?”

“ஆமா.”

“நீ பயந்தியா?”

நானும் ஓர் உள்ளியை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அதுவே பதில்.

“கேளு. நீ அந்தப் பேரை எடுத்துக் குடுத்தியானா, அங்க நான் படுக்க மாட்டேன். அவனுக்க தயவுல எனக்கு மண்ணு வேண்டாம்.”

அன்று மாலையே செயலருக்கு மூன்று பக்கத்தில் பதில் எழுதினேன். மேற்கோள், நையாண்டி, வேத வசனம் எல்லாம் இருந்தது. கூட்டாளி அதை இரண்டு வரியாக வெட்டினாள்: பெயரை எடுக்க மாட்டேன். நீதிமன்ற உத்தரவு வந்தால் அன்றே எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், எல்லோரும் பார்க்க, செயலர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் எதிரணித் தலைவர் நன்றி சொல்ல ஒரு மட்டி வாழைப்பழக் குலையோடு வந்தார். கொண்டுபோகச் சொன்னேன்.

“நாளைக்கு நீங்க ஜெயிச்சு, அவிய ஒரு பேரை வாங்கி, அதை எடுத்துத் தான்னு நீங்க வந்தாலும் இதே பதில்தான்.”

முறைத்துவிட்டுக் குலையோடு இறங்கினார். மட்டிப்பழம் எனக்கு உயிர். என் கொள்கைகளிலேயே மிகவும் வலித்தது அதுதான்.

அடுத்த கூட்டத்தில், கல்லறைத் தோட்டத்தில் முன்கூட்டி ஒதுக்கிய இடங்கள் அனைத்தும் ரத்து என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அன்று சாயங்காலமே அது பிழைகளோடு இணையத்தில் ஏறியது. அம்மா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“இந்தக் கமிட்டிக்கு இன்னும் எத்தன வருசம் உண்டு?”

“ரெண்டு.”

“சரி, நான் இருந்து பாக்கேன்.”

பத்து வருடமாக டாக்டர் கெஞ்சியும் விடாத கருவாட்டை அன்று ராத்திரி தட்டிலிருந்து ஒதுக்கிவைத்தாள். பிரஷர் மாத்திரையை, யாரும் நினைவுபடுத்தாமல், தானே எடுத்து விழுங்கினாள்.