வீட்டோடு வந்த ரெக்கோட்டுகள்

ரெக்கோட் மோகம் எங்கிருந்து திரும்பி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக யாரும் ஏனென்று கேட்காத சாமான் அது. இப்போது பார்த்தால் மகளின் போனில் இளம் பிள்ளைகள் ஒரு கறுப்புத் தட்டை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் ஏந்திக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள். அதை ரெக்கோட் என்று சொல்லவும் கூடாதாம், வைனில் என்று சொல்ல வேண்டுமாம். பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டி, "உன்ட மகள் வைன் எடுப்பிச்சிருக்காளாமே, மெய்யா?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கம் சொல்லியே என் வாய் நொந்துபோனது.

மகள் எடுப்பித்தது ஒரு ரெக்கோட் பிளேயர். போனில் படம் பார்த்து ஓடர் பண்ணி, கொழும்பிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது. சின்னப் பயணப் பெட்டி போல இருந்தது. மூடியைத் திறந்தால் தட்டு சுற்றும் வட்டம், ஊசி பொருத்திய கை, முன்பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். எல்லாம் பிளாஸ்டிக். நடந்தாலே ஆடியது. அதை மேசையில் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், "அம்மா, மாமாட பெட்டி எங்க?"

அங்கேதான் எனக்குச் சுறுக்கென்றது. மாமாவின் பெட்டியாம்!

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். போகும்போது உடுப்பை எடுத்துப் போவான், மற்றச் சாமானெல்லாம் வீட்டோடு கிடக்கும். அந்த வீட்டைச் சீதனமாக வாங்குகிற தங்கச்சிதான் அண்ணன்மார் விட்டுப்போன குப்பையையும் சேர்த்துக் கட்டிக் காக்க வேண்டும். என் அண்ணன் பனிச்சங்கேணியில் கலியாணம் முடித்துப் போனபோது ஒரு வளைந்த சைக்கிள் ரிம்மும், முடிக்காத ஒரு மீன்தொட்டியும், ஒரு தகரப் பெட்டி நிறைய ரெக்கோட்டுகளும் எனக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் போடுகிற பிளேயர் அதற்கு முன்பே சூறாவளியில் கூரைக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. பிளேயர் இல்லாமல் தட்டை என்ன செய்ய, கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளேயர் இருந்த காலத்தில் நான் அதில் விரல் வைத்தது கிடையாது. வைக்க விட்டால்தானே! "கைய எடு. ரேகை பட்டுரும்" என்பார். என் கைக்கு மட்டும்தான் ரேகை இருந்தது போலும், அவருடைய கூட்டாளிமார் வந்து தாராளமாக எடுத்துப் போட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நின்று கேட்பேன். அதிலும் ஒரு தட்டு இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பகிடிப் பாட்டு, அதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிப்பார்கள். மறுபக்கத்தில் ஒரு பெண் தனியாகப் பாடுவாள். வாசலில் நின்று யாரையோ ஏசுகிற பாட்டு அது. அழுகிற பாட்டு எத்தனையோ கேட்டிருக்கிறேன், இராகத்தோடு ஏசுகிற பாட்டை அப்போதுதான் கேட்டேன். கைதவறி அந்தப் பக்கத்தைப் போட்டால் மட்டும் கொஞ்சம் கேட்கும். உடனே அண்ணன் ஊசியைத் தூக்கிவிடுவார். "இது பொம்பிளையள்ட பாட்டு" என்பார். அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும் என்பது கலியாணத்துக்கு முன்பே எனக்கு இருந்த ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது, ஆனால் போகவும் இல்லை.

அதற்காகத்தான் பெட்டியைக் காத்தேனா என்று கேட்டால், ஓம், அதற்காகவும்தான். வெள்ளம் வந்தபோது கட்டிலுக்கு மேல் மேசை, மேசைக்கு மேல் பெட்டி என்று அடுக்கினேன். சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பி வாவிக்கு அக்கரையில் படுவான்கரைக்கு ஓடியபோது தோணியில் அரிசியோடு அதையும் ஏற்றினேன். என் கணவர் உயிரோடு இருந்த மட்டும் அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணினார். "சனம் புள்ளையத் தூக்கிக்கொண்டு ஓடுது, இவ பாட்டத் தூக்கிக்கொண்டு ஓடுறா" என்பார். அந்த நேரத்தில் அண்ணன் ஒரு நாளாவது பெட்டி என்ன பாடு என்று கேட்டாரா? கேட்கவில்லை.

வாவிக் காற்றுக்கு எங்கள் வீட்டில் எதிலும் பூஞ்சணம் பிடிக்கும், செருப்பில்கூடப் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு கழுவுகிறபோது பெட்டியையும் இறக்குவேன். ஒவ்வொரு தட்டாக எடுத்து, பழைய வேட்டித் துண்டில் தேங்காயெண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்து, இடையிடையே வேப்பிலை வைத்து அடுக்குவேன். தையல் மெஷினுக்கு எண்ணெய், கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய், மண்வெட்டிக்கு எண்ணெய். எண்ணெய் போட்டே எல்லாவற்றையும் காப்பாற்றிய வீட்டில் இதற்கு மட்டும் போடாமல் விடுவேனா? தட்டெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கின. எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் மகளுக்கு வாயெல்லாம் பல். "எவ்வளவு புதுசா வெச்சிருக்கீங்கம்மா!" என்று முதல் தட்டைப் போட்டாள். பாட்டு வந்தது, ஆனால் யாரோ தலையணையில் வாயை அமத்திக்கொண்டு பாடுவது மாதிரி வந்தது. பிறகு அதுவும் இழுபட்டு நின்றது. ஊசியைத் தூக்கிப் பார்த்தால் அதன் நுனியில் கறுப்பாக ஒரு பிசின் உருண்டை. மகள் தட்டைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு எண்ணெய் பூசினீங்களா?"

"பூசாம? வருசா வருசம் பூசினனான்."

"ரெக்கோட்டுக்கு எண்ணெய் பூசின ஆள இந்த உலகத்தில நான் இப்பதான் காணுறன்."

போனை எடுத்து எனக்கு வாசித்தும் காட்டினாள். எண்ணெய் கூடவே கூடாதாம், தட்டில் உள்ள நுண்ணிய கோடுகளுக்குள் போய் தூசியை ஒட்டிப் பிடித்துவிடுமாம். தட்டை நிமிர்த்தி வைக்க வேண்டுமாம், நான் வைத்ததுபோல் படுக்க வைக்கவும் கூடாதாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வெள்ளத்தில் நனையாமல் தூக்கிய எனக்கு ஒரு போன் புத்தி சொல்கிறது! "பூசாம விட்டிருந்தா இண்டைக்கு உனக்குப் பூஞ்சணம்தான் பாடியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

ஆனால் அங்கே நின்று என்ன செய்ய? பாத்திரம் கழுவுகிற திரவத்தை எடுத்துக்கொண்டு நானே திரும்பி வந்தேன். இருவருமாகக் கிணற்றடியில் இருந்து கழுவினோம். நடுவில் ஒட்டியிருக்கிற காகிதம் நனையக் கூடாது என்று மகள் கவலைப்பட்டாள். நான் அதன்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து அமத்திப் பிடிக்கச் சொன்னேன், அளவு சரியாக இருந்தது. அவள் பிடிக்க, நான் மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்தேன். நுரை சாம்பல் நிறத்தில் வந்தது. கோப்பை அடுக்குகிற தட்டில் ரெக்கோட்டுகளை நிறுத்திக் காயவிட்டோம். கழுவி முடிய எனக்கு இடுப்பு நிமிரவில்லை.

காய்ந்த பிறகு நான் தேடி எடுத்தது அந்தத் தட்டைத்தான். மகள் வேகத்தை மாற்றாமல் போட்டதில் அந்தப் பெண் முதலில் தடித்த ஆம்பிளைக் குரலில் ஏசினாள். அதை மாற்றிப் போட்டதும் கீறல் சத்தங்களுக்கு நடுவே அவளுடைய சொந்தக் குரல் வந்தது. முழுதாகக் கேட்டேன். கடைசியில் அவள் ஏசுவதை நிறுத்திவிட்டு, சாப்பிட வரச் சொல்கிறாள். அண்ணன் ஊசியைத் தூக்கிவிடுகிற இடத்துக்கு அப்பால் அப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. "திருப்பிப் போடு புள்ள" என்றேன். பிறகு நானே போடப் பழகினேன். ஊசியைச் சரியான இடத்தில் வைத்தேன். அந்தக் கிழமை முழுக்கக் கறி அடுப்பில் கிடக்க நான் ஹோலில்தான் இருந்தேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

மகள் சும்மா இருந்தாளா? நான் ஊசி வைக்கிறதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குறூப்பில் போட்டுவிட்டாள். அன்றைக்கே அண்ணன் போன் எடுத்தார். வருசப்பிறப்புக்கு ஒரு பூப்படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிற மனிதன் அவர்.

"தங்கச்சி, என்ட ரெக்கோட்டில ஆரு கை வெச்ச?"

"நான்தான் வெச்சன்."

"அதெல்லாம் இப்ப எவ்வளவு தேடுறாங்க தெரியுமா? நானும் ஒரு பிளேயர் எடுத்திருக்கன். நாளைக்கு வாறன், பெட்டியக் கட்டி வையி."

சொன்னபடி வந்தார். பஸ்ஸில், கையில் ஒரு சுருள் நைலோன் கயிற்றோடு வந்தார். எழுபதை எட்டுகிற வயதிலும் உள்ளே நுழைந்ததும் பெட்டியைத்தான் பார்த்தார், என்னைப் பிறகுதான் பார்த்தார். தட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்தார். "கழுவினியா? ஆரு கழுவச் சொன்ன?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணன், நீங்க போகக்குள்ள விட்டுட்டுப் போனது. வீட்டோட கிடந்த சாமான். வீடு எனக்கெண்டா அதுவும் எனக்குத்தான்."

"வீடுதான் உனக்குத் தந்தது. ரெக்கோட் நான் உழைச்சு வாங்கினது. மறுகா, வீடு இப்ப உன்டயா? மகள்ட கலியாணத்துக்கு எழுதிக் குடுத்திட்டாய்தானே."

"எழுதினா என்ன? நான் இருக்கிற வீடு என்ட வீடுதான்!"

மகள் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "இதை அப்பவே கொண்டு போயிருந்தீங்கெண்டா உங்கட வீட்டோட கடல்தான் கொண்டு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

சுனாமியில் அவருடைய வீடு அத்திவாரத்தோடு போனது. ஆட்கள் தப்பியது பெரிய காரியம். அவருடைய கை ஒரு கணம் நின்றது, பிறகு முடிச்சைப் போட்டு இறுக்கினார். தேத்தண்ணியைத் தொடவில்லை. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கைமுனை வரைக்கும் நடந்து போனார். சொன்னதற்காகக் கவலைப்பட்டேன்தான். ஆனால் அதைவிட ஆத்திரம்தான் கூடுதலாக இருந்தது. ஒரு தட்டையாவது, அந்த ஒரு தட்டையாவது விட்டுப் போயிருக்கலாம்.

பிளேயர் வெறுமனே கிடந்தது. மகள் அதன் மூடியை மூடி, மேலே தன் போன் சார்ஜரை வைத்தாள். அந்தப் பாட்டைப் போனிலேயே தேடித் தருகிறேன் என்றாள், தேடியும் அது கிடைக்கவில்லை. நான் கறி காய்ச்சும்போதெல்லாம் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அடுத்த முறை கண்டால் ஒன்று விடாமல் கேட்பது என்று இருந்தேன்.

ஒரு கிழமை போகவில்லை, வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். அதே பெட்டி, அதே நைலோன் கயிறு. மற்றக் கையில் அவர் வாங்கிய பிளேயர், அதுவும் இன்னும் அதன் காகிதப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"என்ன அண்ணன்?"

"அங்க கரண்ட் சரியில்ல தங்கச்சி."

"கரண்ட் இல்லாத வீடா அது?"

"இருக்கு. சனம் நடக்க ஊசி துள்ளுது." பிறகு, "சின்னப் பேரன் படிக்கிற. மருமகன் இரவு வேலை முடிஞ்சு வந்து பகல்ல படுக்கிற" என்றார்.

அதற்குமேல் எனக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் கொண்டுபோன பிறகு கட்டிய வீட்டை அவர்கள் தங்கள் மகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணனும் அவர் மனைவியும் குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். தாய் வீட்டிலிருந்து மனைவி வீட்டுக்குப் போனவர், அது மகள் வீடானபோது அந்த அறைக்குப் போனார். ஒரு தகரப் பெட்டி வைக்க அவருக்கு ஒரு மூலை இல்லை. ஒரு கிழமையாக நான் பழகி வைத்திருந்த ஏச்சு முழுக்க வீணாய்ப் போனது. இந்த மனிதனை ஏசக்கூட முடியாமல் போனது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இங்க வெச்சா நான் வந்து கேப்பன்தானே" என்றார் அவர், பெட்டியைக் கீழே வைக்காமல். "நீயும் போட்டுக் கேளன். உனக்குப் போட வருதுதானே."

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வந்த சொல் வேறு. ஹோலில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்து, "புள்ள, மாமாட பெட்டிய இங்க வைக்கவா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மகள் நல்ல பிள்ளை. அவளில் ஒரு பிழையும் சொல்ல ஏலாது. அவள் சுவரைப் பார்த்தாள், புதிதாக வாங்கின செற்றிக் கதிரைகளைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள்.

"ஹோலுக்குள்ள வேணாம்மா, வடிவில்லாமக் கிடக்கும். கொஞ்ச நாளைக்கெண்டா உங்கட அறைக்குள்ள வையுங்க."

"ஓம் புள்ள" என்றேன் நான். அதே நேரத்தில் அண்ணனும் "ஓம் புள்ள" என்றார்.