ஜன்னலுக்குக் கிழக்கு, அடுப்படிக்குத் தெற்கு

இருபத்திரண்டு வருஷமாகச் செஞ்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. என் கையெழுத்தைப் பார்த்துப் பொறாமைப்படாத எழுத்தர் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. அப்பேர்ப்பட்ட தாண்டவராயனாகிய நான், ஒரு சென்ட் நிலம்கூடச் சம்பந்தப்படாமல் எழுதிய ஒரே பத்திரம் ரஞ்சிதம் அக்காவுடையது.

அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கூடத்தை விட்டு வெளியே வருவாள். புடவையில் சாம்பார் வாசனை அடிக்கும். குரல் மட்டும் போலீஸ் ஸ்டேஷன் குரல். அவள் உட்காரச் சொன்னால் ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்துவிடுவார்.

எண்பத்து நான்காம் வருஷம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, என் கடைசி காலத்துல என்ன எப்படி வச்சிப் பாக்கணும்னு ஒரு பத்திரம் எழுதிக் குடு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கல்லு மாதிரி இருக்கற. வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சுக்கா இது?"

"கல்லு மாதிரி இருக்கறப்பதான் சொல்ல முடியும். படுத்துட்டா ஆளாளுக்குச் சொல்லுவாங்க. எங்க வூட்டுக்காரரு போனது உனுக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் கணவர் சுந்தரமூர்த்தியை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று உள்ளூர் டாக்டர் சொன்ன பிறகும், சொந்தக்காரர்கள் விடாமல் டாக்சியில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அவர் வீட்டுக்குப் போகலாம், ஒரு வாய் காபி குடு என்றுதான் கேட்டிருக்கிறார். கிளியனூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

"டாக்சியோட கூரையப் பாத்துக்கினே போயிட்டாரு தம்பி" என்றாள் அக்கா. "அந்த ஒரு வாய் காபி இன்னும் என் தொண்டையில நிக்குது."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அரசாங்க முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும் என்றாள். சாதாரணத் தாள் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "வெறுங்காயிதத்த எவன் மதிக்கறான்?" என்றுவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். டாக்டர் பிழைக்கலாம் என்றால் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். எந்தக் கசப்பு மருந்தும் குடிப்பாள். இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் செஞ்சியை விட்டுத் தூக்கக் கூடாது. வலி தெரியாமல் இருக்க ஊசி, மாத்திரை மட்டும் போதும். பக்கத்து வீட்டு ஹுசைன் பீ தினமும் வந்து தெருக்கதை சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று வாயில் பால் ஊற்றக் கூடாது.

"பாலு ஊத்தறது வழக்கமாச்சேக்கா?"

"எனுக்குப் பாலு வாசனையே ஆவாது. போறப்ப வாந்தி எடுத்துக்கினா போவணும்? காபி வைக்கச் சொல்லு. முழுங்க முடியலன்னா ஒதட்டுல தொட்டு வச்சா போதும்."

இத்தனையும் எழுதினேனா, அதற்குப் பிறகு என் கை தன் பாட்டுக்குப் பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. "மேற்படி சொத்துக்கு எல்லையாவது" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். எந்தப் பத்திரமானாலும் கடைசியில் நிலத்தின் நான்கு பக்க எல்லையை எழுதியே வளர்ந்த கை இது. இங்கே நிலம் ஏது? ஒரு முத்திரைத்தாள் வீணாய்ப் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொண்ட அக்கா, "அடிக்காத, இருக்கட்டும். என் கட்டிலுக்கு எல்லை எழுது" என்றாள்.

எழுதினேன். "ஜன்னலுக்குக் கிழக்கு, நடுவாசலுக்கு மேற்கு, அடுப்படிக்குத் தெற்கு, ஹுசைன் பீ வீட்டுச் சுவருக்கு வடக்கு, இதன் மத்தியில் கிடக்கும் கயிற்றுக் கட்டில் ஒன்று."

"ஜன்னலோரமா கேக்கறது கோட்டை தெரியும்னா?" என்று கேட்டேன்.

"கோட்டை செஞ்சியில எங்கதான் தெரியல? காத்து வரும்ல."

சார்பதிவாளர் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதைப் பதிவு செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் ஹுசைன் பீயும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். மகன் அரிகிருஷ்ணனுக்கு ஓர் இடம் காலியாக விட்டேன். பத்திரம் ஹுசைன் பீயின் டிரங்குப் பெட்டிக்குப் போனது.

அரிகிருஷ்ணன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். பொங்கலுக்கு வந்தவனிடம் அக்கா பத்திரத்தைக் காட்டியதும் குதித்தான். "பெத்தவள வைத்தியம் பாக்காம போட்டுட்டான்னு ஊரே காறித் துப்பும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டான். அக்கா சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். ஆனால் அந்தக் காலி இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மகன் ஒப்பாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம்தான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

எண்பத்தாறு ஐப்பசியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மெட்ராசில் இரண்டு மாதம் வைத்தியம் நடந்தது. எழுதிக் கொடுத்தபடி ஒரு வார்த்தை முனகாமல் எல்லா மருந்தும் சாப்பிட்டாள். மார்கழியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

வந்த நாலாம் நாள் காலை, ஹுசைன் பீ முக்காடு நழுவ, கையில் பத்திரத்தோடு என் மேஜைக்கு ஓடி வந்தாள். "அண்ணே, டாக்சி வந்து நிக்குது. வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்!"

போய்ப் பார்த்தால் நடுக்கூடத்தில் கட்டில். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அதில் மூன்று பேர் கையில் பால் டம்ளர். வந்ததே எனக்குக் கோபம்! பத்திரத்தை விரித்து, அலுவலகத்தில் படிப்பதைப்போல் உரக்கப் படித்தேன். எல்லைக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"இப்ப கட்டில் எங்க கெடக்குது? நடுவாசலுக்குக் கெழக்கால கெடக்குது. நாலு எல்லைக்கும் வெளிய. ஆரக் கேட்டு நவுத்துனீங்க?"

கட்டிலில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சத்தம் சின்னதுதான், ஆனால் பழைய சிரிப்பு.

அரிகிருஷ்ணன் உடைந்து அழுதான். "மாமா, நான் கூட்டிட்டுப் போவலன்னா ஊரு இன்னா சொல்லும்?"

அக்கா அவன் கையைப் பிடித்தாள். "ஊரு சொல்றது எனுக்குக் கேக்கப் போவுதா? உனுக்குத்தான்டா கேக்கும். அதுக்குத்தான் எழுதி வச்சேன். எவனாவது கேட்டா, எங்கம்மா சொன்னதத்தான் செஞ்சேன்னு எடுத்துக் காட்டு."

இரண்டு வருஷமாக அது அவளுக்கான பத்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அரிகிருஷ்ணன் எழுந்துபோய் டாக்சியை அனுப்பினான். திரும்பி வந்து கட்டிலின் ஒரு முனையை அவனே பிடித்தான், மறு முனையை நான் பிடித்தேன். ஜன்னலுக்குக் கிழக்கே போட்டோம். பிறகு என் பேனாவை வாங்கிக் காலி இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

"இப்ப ரிஜிஸ்டர் ஆயிடுச்சா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"ஆயிடுச்சுக்கா" என்றேன்.

அதன் பிறகு பதினோரு நாள். உள்ளூர் டாக்டர் தினமும் வந்து வலிக்கு ஊசி போட்டார். ஹுசைன் பீ தெருக்கதை சொன்னாள். கதை தீர்ந்த நாட்களில் இட்டுக்கட்டிச் சொன்னாள். அரிகிருஷ்ணன் காபி போடக் கற்றுக்கொண்டான். முதல் நாள் சிக்கரி ஜாஸ்தி, இரண்டாம் நாள் தண்ணி என்று அக்கா படுத்தபடியே அவனைத் திட்டித் தீர்த்தாள். அந்தத் திட்டு அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நான் பார்த்தேன்.

பதினோராம் நாள் காலை அவளால் விழுங்க முடியவில்லை. அவன் விரலில் காபியைத் தொட்டு உதட்டில் வைத்தான். அக்கா நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு லேசாகத் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

காபி பெரும்பாலும் அப்படியே டம்ளரில் இருந்தது. கீழே கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. ஹுசைன் பீ அதை எடுத்துச் சுவரோரம் உட்கார்ந்து மெதுவாகக் குடித்து முடித்தாள். குடித்துவிட்டு, இன்றைக்குத்தான் சரியாகப் போட்டிருக்கிறாய் என்று அரிகிருஷ்ணனிடம் சொன்னாள்.