பென்சிலில் எழுதிய ஆட்சேபணை

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதற்கென்று ஏசி அறை கட்டினார்கள். சுண்ணாம்புக்கல் தூசி மெஷினுக்கு ஆகாதாம். அந்தத் தூசியிலேயே நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு ஆகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில் நான் அந்தக் குளிரில் புரோகிராமராக உட்கார்ந்திருந்தேன். அரும்பாவூரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. இத்தனை வருடத்தில் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆலை வாசலில் அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு டெர்மினல், ஒரு திரையும் கீபோர்டும், இருந்தது. வேலைக்கு வருகிறவர் தன் எண்ணைச் சொல்ல, டைம் கீப்பர் தட்டுவார். பதிவாகிவிட்டது என்று திரையில் வந்ததும் ஆள் உள்ளே போகலாம். பழைய வருகைப் பதிவேட்டைப் பரணில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பதிவையும் டிஸ்கில் எழுதி முடித்த பிறகே மெஷின் அப்படிச் சொல்லும் என்பதால் சில வினாடிகள் பிடித்தது. காலை ஷிப்டில் வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. மேலதிகாரிகளின் கார் நுழைய வழியில்லை. வெயிலில் நின்றவர்களுக்காக இல்லை, காருக்காகத்தான் ஒரு மாற்றம் வந்தது.

மெஷினின் அடியில் ஓடுகிற ஆதார நிரலைக் கெர்னல் என்போம். டிஸ்கில் எதை எழுதுவதானாலும் மற்ற நிரல்கள் அதனிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கி எழுதும் பகுதியில் எங்கள் பிரிவுத் தலைவர் கை வைத்தார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. இனிமேல் கெர்னல் பதிவை நினைவகத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு உடனே 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடும். டிஸ்கில் எழுதுவது பிறகு, ஒழிந்தபோது. தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர், துணியை வெட்டக்கூடச் செய்யாமல், "தச்சாச்சு சார், காஜாதான் பாக்கி" என்பாரே, அதே கதை. டெய்லர் கடையிலாவது நாம் நின்று சண்டை போடலாம்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. கெர்னலில் ஒரு வரி மாறினாலும் அச்செடுத்து இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படிப்பவர் சின்னவராக இருந்தால் தன் கருத்தைப் பக்க ஓரத்தில் பென்சிலில்தான் எழுதலாம். பெரியவரின் வேலையில் மையால் குறை எழுதுவது மரியாதையில்லையாம். ஆனால் கீழே போடுகிற கையெழுத்து மட்டும் மையில் இருக்க வேண்டும். இதை நானும் மரியாதை என்றுதான் அப்போது நம்பினேன்.

அந்தத் தாள்களை இரண்டு நாள் படித்தேன். கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். இங்கே கரண்ட் போகாத நாள் உண்டா? ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'கரண்ட் போனால் வாசல் பதிவு அழியும். எழுதாததை எழுதியதாகச் சொல்வது பொய். இதை அனுமதிக்கக் கூடாது.'

தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். "கரெக்டுதான் தம்பி. பேட்டரி வாங்கச் சொல்லியிருக்கேன், வந்துரும். நீங்க கையெழுத்தப் போடுங்க."

போட்டேன். மையில்.

பேட்டரி வரவில்லை. மாற்றம் வந்தது, வரிசை மளமளவென்று நகர்ந்தது, கார்கள் நுழைந்தன. இரண்டு மாதம் கரண்ட் போனதெல்லாம் பதிவுகள் டிஸ்கில் ஏறிய பிறகுதான். அப்புறம் ஒரு காலை, ஷிப்டு ஆட்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. மெஷின் திரும்ப எழுந்தபோது அன்றைய வாசல் பதிவில் ஒருவர்கூட வேலைக்கு வந்திருக்கவில்லை.

நிரந்தரத் தொழிலாளிகள் மேஸ்திரியிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிச் சரிசெய்துகொண்டார்கள். தினக்கூலிக்கு அந்தச் சலுகை கிடையாது. மெஷினில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கல்லங்குறிச்சியிலிருந்து கல் உடைக்க வந்த ஓர் அக்காவுக்கு அந்த ஒரு நாள்தான் எமனாக வந்தது. இரண்டு வருடத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம் கேட்கலாம் என்பது சட்டம். பொதுவாக அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்ததுமே வேலையில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அந்த வருடம் ஆள் பற்றாக்குறையில் அவரை மறந்துவிட்டார்கள். அவர் கணக்குப்படி நானூற்றெண்பது. மெஷின் கணக்குப்படி ஒன்று குறைவு. அவர் நிரந்தரம் கேட்டதும் விழித்துக்கொண்ட ஆபீஸ் மறுநாளே அவரை நிறுத்தியது.

அவர் நேராக ஏசி அறை வாசலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கரண்ட் போன அன்னிக்கு என் பின்னாடிதானே சார் நீங்க வந்தீங்க. நான் வந்தனா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

பார்த்தேன்தான். தலையில் சும்மாடு, கையில் சோற்றுத் தூக்குப்போசி, நன்றாக நினைவிருந்தது. தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"நீங்க பாத்தது ரெக்கார்டு ஆகாது தம்பி," என்றார்.

"ரெக்கார்டு அழிஞ்சது நம்ம மாத்துன மாத்தத்தால சார். நான் அப்பவே எழுதிக் குடுத்தேன்."

அவர் அலமாரியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்து என் முன்னால் போட்டார். ஓரங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. ரப்பர் தேய்த்த இடம் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. கீழே என் கையெழுத்து, நீல மையில், சுழியெல்லாம் சேர்த்து அழகாக.

"எங்க எழுதியிருக்கீங்க? ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

அதிகாரி வீட்டுக் கோழிமுட்டை குடியானவன் வீட்டு அம்மியை உடைக்கும் என்பார்கள். உடைத்தது. அந்த மனுஷன் மேல் இருந்த கோபத்தைவிட, சொன்ன பேச்சைக் கேட்டுப் பென்சிலை எடுத்த என் கை மேல்தான் அதிகக் கோபம். அன்றே ஒரு வெள்ளைத் தாளில், நான் கண்ணால் பார்த்தேன் என்று மையில் எழுதி ஆபீசில் கொடுத்தேன். அதற்குப் பதிலே வரவில்லை. அதன்பிறகு எந்தத் தாளிலும் நான் பென்சிலால் எழுதியதில்லை. திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்தது, வரட்டும்.

மூன்று மாதம் கழித்து அந்த அக்காவை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். புது எண், முதல் நாள் என்று கணக்கு. பேட்டரி அப்போதும் வந்திருக்கவில்லை. கெர்னலிலும் அந்த வரிகள் அப்படியேதான் இருந்தன. வாசலில் அன்று அவர் எனக்கு முன்னால் நின்றார். டைம் கீப்பர் தட்டினார். பதிவாகிவிட்டது என்று திரை சொன்னது. அவர் நகரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"எழுதிருச்சா சார்? நெசமாவே எழுதிருச்சா?"

பின்னால் வரிசை நின்றது. ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எழுதிருச்சுங்கக்கா, போங்க," என்றேன்.

எழுதியிருந்ததா என்று எனக்குத் தெரியாது.